சந்தனம் வைத்த எஞ்சின்

அன்பு மச்சான் சகாயத்துக்கு,

உன் வண்டி நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியை நீ காது கொடுத்துக் கேட்கமாட்டாய். ரோஸியும் நன்றாக இருக்கிறாள். கட்டிய மனைவியை இரண்டாவதாகச் சொன்னேன் என்று தெரிந்தால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள், நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

நீ போனது பங்குனி வெயிலில். இப்போது ஐப்பசி மழை, சேலையூர் ஏரி தளும்பிக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்காக எழுதிப்போட்டுக் காத்திருந்தாயே, அந்த டெலிபோன் போன வாரம்தான் உன் வீட்டுக்கு வந்தது. யாருக்குப் பேசுவது என்று ரோஸி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் தெருவில் கார் நுழையாது என்பதால் அம்பாசிடர் இன்றும் என் வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. ஆனால் எடுப்பது ரோஸி. நீ கற்றுக்கொடுத்தபோது உன் திட்டு தாங்காமல் பாதியில் இறங்கிப்போனாளே, அதே ரோஸி. உன் காரியமெல்லாம் முடிந்ததும் ஒருநாள் வந்து சாவியைக் கேட்டாள். மாடம்பாக்கத்துப் பள்ளிக்கூட வேலைக்கு அவளே ஓட்டிக்கொண்டு போகிறாள். "வீட்டுல உக்காந்தா அழுகைதாண்ணா வருது. ஸ்டியரிங் பிடிச்சா ரோட்டைப் பாத்துத்தானே ஆகணும்" என்றாள். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் நம் இரண்டு வண்டிக்கும் சேர்த்துத்தானே பூஜை, என் ஸ்கூட்டருக்கும் உன் காருக்கும். "எங்க சாமி வருஷம் பூரா பாத்துக்கிறார். ஒரு நாள் உங்க சாமி பாக்கட்டும், அவருக்கும் லீவு வேணாமா?" என்பாய். அந்த நக்கல் இல்லாத முதல் பூஜை. நீ இருந்தால் எஞ்சினுக்குத் தண்ணீரே காட்டவிடமாட்டாய், துணியால் துடைப்பதோடு சரி. நாங்கள் ஆசையாக ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டோம். டீசல் தெளித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சி எஞ்சினைப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார்கள். வீடு வந்து சேரும்வரை ஒரு குறையும் இல்லை.

பெரும்பாக்கத்திலிருந்து என் அத்தை நவராத்திரிக்கு வந்திருந்தாள். உனக்குத்தான் தெரியுமே, அத்தை இருக்கிற வீட்டில் சாமியே அத்தையைக் கேட்டுத்தான் இலையில் உட்காரும். என் மனைவி செல்வி சந்தனக் கிண்ணத்தை ரோஸியிடம் நீட்டினாள். "உங்க வண்டிதானே அக்கா, நீங்களே வைங்க." ரோஸி அத்தையின் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, பானெட்டின் நெற்றியில் ஒரு பொட்டு. அதோடு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அத்தை தடுக்கவில்லை. நானும் மடையன், அதை நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ரோஸி வண்டியை எடுத்தாள். கேட்டைத் தாண்டவில்லை, நடுக்கம். வேகம் கொடுத்தால் ஓடுகிறது. காலை எடுத்தால் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறி உதறி அணைந்துபோகிறது. அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள்.

"வைக்கக் கூடாதவங்க பொட்டு வச்சா இப்பிடித்தான் ஆவும். நல்ல நாளும் அதுவுமா."

மெதுவாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு. வண்டியின் கண்ணாடி இறக்கியிருந்தது.

ரோஸி அழவில்லை மச்சான். இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தாள். "வித்துடுங்கண்ணா. இனிமே நான் தொடல." திரும்பிப் பார்க்காமல் நடந்தே போய்விட்டாள். மறுநாள் மாடம்பாக்கத்துக்கு பஸ்ஸில் போனாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தையை மூட்டையோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருப்பேன். செல்விதான் தடுத்தாள். "கத்துனா அத்தை வாய் அடங்கும். ரோஸியக்கா மனசு அடங்குமா? முதல்ல வண்டியப் பாருங்க." நியாயம்தானே? வாயால் ஆயிரம் சமாதானம் சொல்லலாம், எதிரே எஞ்சின் நடுங்கிக்கொண்டு நின்றால் எதை அவள் நம்புவாள்?

மெக்கானிக் கபாலியைக் கூட்டிவந்தேன். உன்னோடு சண்டை போடாத நாளெல்லாம் தூக்கம் வராதே, அந்தக் கபாலிதான். "இன்னா சார், இப்டி மிஸ்ஸிங் அட்ச்சிகினு கீது? தண்ணி உள்ள பூந்துக்கீது" என்று பிளக்கையெல்லாம் கழற்றிக் காயவைத்தான். உதறல் நிற்கவில்லை. கார்பரேட்டரைத் திறந்து ஊதினான். நிற்கவில்லை. ஐடிலிங் ஸ்க்ரூவை முறுக்கி வேகத்தை ஏற்றினான். உதறலும் வேகமானதுதான் மிச்சம். "பேஜாரா பூட்ச்சு சார், கார்பரேட்டரையே மாத்தணும்" என்று கையைத் துடைத்தான். அதற்குள் தெருவில் அத்தை சொன்ன பேச்சு நாலு வீடு தாண்டியிருந்தது. நீயாவது கனவில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தச் சமயம் பார்த்து ரோஸி வந்தாள். ஓட்ட அல்ல, நீ கண்ணாடியில் மாட்டியிருந்த ஜெபமாலையை எடுத்துப்போக. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் அப்படியே நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

"அண்ணா, இது மழைக்காலத்துச் சத்தம். அடைமழையில இப்பிடித்தான் உதறும். அவரு பானெட் மேல ஜமுக்காளத்தப் போட்டு, இருட்டு பண்ணி உள்ள பாப்பாரு. கரண்டு எங்கயோ ஒழுகுதுடின்னு சொல்லுவாரு."

செல்வி ஜமுக்காளத்தை எடுத்து ஓடிவந்தாள். ரோஸி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூன்று பேரும் உள்ளே தலையை நீட்டினோம். முதலில் டீசல் வாசனையும் கபாலியின் பீடி நாற்றமும்தான். கண் பழகியதும் தெரிந்தது. நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிமேல், ஒரு ஒயரிலிருந்து இன்னொரு ஒயருக்கு நீல நீலமாகப் பொறி தாவிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய கரண்டு வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு ஜமுக்காளத்தை விலக்கினோம். ஒயர்க்கற்றை மறைத்ததால் கபாலி கண்ணில் படாத அந்த மூடி முழுக்கச் சந்தனம். ஒவ்வொரு ஒயரின் அடியிலும் கெட்டியாக ஓர் அப்பு அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தது. இடுக்கில் போனது மழைக்காற்றில் காயாமல் சொதசொதவென்று இருந்தது.

"யார்பா இது, எஞ்சினுக்கு அபிஷேகம் பண்ணது?" என்றான் கபாலி.

ரோஸி எஞ்சின் பக்கமே போகவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வாசலில் நின்ற அத்தை தொண்டையைச் செருமினாள். "ஈரம் காயத் தொறந்து வச்சிருந்தீங்களே, அப்ப நான்தான் வச்சேன். மேல மட்டும் வச்சா ஆச்சா? உள்ள இருக்கறதுதானே ஓடுது..."

என் நாக்கு எப்படித் துடித்தது தெரியுமா? நறுக்கென்று கேட்க வாயெடுத்துவிட்டேன். ரோஸி முந்திக்கொண்டாள். காய்ந்த துணியால் மூடியைத் துடைத்துக்கொண்டே, "சந்தனத்துக்கு என்ன தெரியும் பெரியம்மா, யார் கை வச்சதுன்னு? ஈரம் இருந்தா கரண்டு ஒழுகத்தான் செய்யும்" என்றாள். குத்தல் இல்லை, குரல் உயரவில்லை. உன்னோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது மச்சான்?

துடைத்து முடித்து அவளே ஏறி சாவியைத் திருப்பினாள். அப்பாடா! உதறல் இல்லை, விக்கல் இல்லை, காலை எடுத்த பிறகும் எஞ்சின் அமைதியாக ஓடிக்கொண்டே இருந்தது. "கும்முனு கீது சார்!" என்று கபாலி கூவினான். செல்வி கைதட்டினாள். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? ரோஸி ஜெபமாலையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

அத்தைக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. புடவையைச் சரிசெய்துகொண்டாள், வண்டியிடம் வந்தாள். "ஏம்மா, நானும் ஏறிக்கவா?" என்றாள். ரோஸி முன்கதவைத் திறந்துவிட்டாள். தெருவே பார்க்க இரண்டு பேரும் மாடம்பாக்கம் சிவன் கோயில்வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். உன்னைப் பார்க்க ரோஸிதான் ஓட்டிக்கொண்டு வருகிறாள். நானும் செல்வியும் பின்சீட்டில். முன்சீட்டை அத்தை இப்போதே பிடித்துவிட்டாள், உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது எப்படி என்று செல்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். என் வீட்டு வாசலில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் சந்தனக் கிண்ணம் முதலில் ரோஸி கைக்குத்தான் போகும். அதை வாங்கும்போது அவள் யார் முகத்தையும் பார்த்துத் தயங்கவேண்டி இருக்காது.

உன் ரோஸிக்கு அண்ணன்,
அந்த முறையில் உனக்கு என்றைக்கும் மச்சான்,
சுந்தரம்