காளான் காயும் சூடு

அக்டோபர் 6, திங்கள்

ஓட்டல் வேலை கிடைத்துவிட்டது என்கிறான் ஓஸ்மோ. என் கூட்டாளி, பழைய எலக்ட்ரீசியன், பின்லாந்தில் இந்தக் குவோபியோ ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஏரிக்கரையில் எழும்புகிற புது ஓட்டல். கூட்ட அறைகள், ஒரு சின்ன சினிமா அறை, எல்லாவற்றுக்கும் ஒலி, திரை, வயரிங். குளிர்காலம் முழுக்கச் சோறு.

"வேலை நமக்குத்தான்னு ஓட்டல் மேஸ்திரி சொன்னாரா?"

"'வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டோம்'னார்."

அது சம்மதமாம். இந்த ஊரில் ஆமாம் என்று சொல்ல அரை மணி நேரம் ஆகும், அப்போதும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் மேற்குச் சமவெளிக்காரன். எங்கள் பக்கம் ஆமாம் என்றால் ஆமாம்.

ஒரே நிபந்தனை: பொறுப்புக் காப்பீட்டுச் சான்று நவம்பர் முடிவதற்குள் மேஸ்திரி கையில் இருக்க வேண்டும். வேலைக்குப் போன இடத்தில் எதையாவது உடைத்தாலோ எரித்தாலோ ஈடு கொடுக்க எங்கள் பின்னால் ஒரு கம்பெனி நிற்கிறது என்பதற்கான தாள். காப்பீட்டை எப்படியும் இப்போது புதுப்பிக்க வேண்டும். ஒரு போன் போட்டால் தீர்ந்தது.

மதியம் வேனில் காளான் சூப். ஹெல்கா கொடுத்த உலர்ந்த காளான். போன வருஷம் அவர் வீட்டு நிலவறையில் சினிமா அறை போட்டுக் கொடுத்தோம், அதிலிருந்து ஓஸ்மோவுக்கு ஜாடி ஜாடியாகக் கொடுக்கிறார். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

அக்டோபர் 11, சனி

ஹெல்கா வீட்டில் தீ. நாங்கள் போட்ட சினிமா அறையில்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. புகை வாசனை வந்ததும் மெயினை அணைத்து, அடுத்திருக்கும் நீராவிக் குளியல் அறையான சௌனாவிலிருந்து வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். மெயினை *முதலில்* அணைத்திருக்கிறார். படித்தவர்கள் பாதிப் பேர் அதைச் செய்ய மாட்டார்கள். ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் கரிக்கட்டை. அது இருந்த தட்டும் போயிற்று. சுவர், கூரை, நாற்காலிகள், சௌனாவின் மரப்பலகை வரை கரி.

நான் பொருத்திய ஆம்ப். நான் இழுத்த வயர்.

எப்படி?

அக்டோபர் 20, திங்கள்

ஹெல்காவின் வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனி ஆள் அறிக்கை கொடுத்துவிட்டார். "சாதனத்துக்குப் பின்னால் போதிய காற்றோட்டம் இல்லை. பொருத்தியவரின் குறை." ஆகவே அவர்கள் செலவை எங்கள் காப்பீட்டுக் கம்பெனியிடம் கேட்கிறார்கள்.

பொய். பின்னால் பத்து சென்டிமீட்டர் விட்டேன், ஆம்போடு வந்த கையேடு கேட்பது ஐந்துதான். அளவு நாடாவோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். தீயணைத்த களேபரத்தில் தட்டைச் சுவரோடு தள்ளிவிட்டிருக்கிறார்கள், இந்த ஆள் தள்ளிய இடத்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் கம்பெனியில் இதைப் பார்ப்பவர் கமிலா. ஹெல்சிங்கியில் இருக்கிறார். போனில் மரியாதையாகத்தான் பேசினார்.

"சின்னக் கேஸ்தான் ஆர்னி. குறையை ஒத்துக்கிட்டு ஈடு கொடுத்து முடிச்சிடலாம். எல்லாருக்கும் நிம்மதி."

"எனக்கு நிம்மதி வேண்டாம். வேலை சரியா செஞ்சிருக்கேன்."

"முடிக்கலேன்னா புதுப்பிக்கிறது நிக்கும்."

"குறைன்னு எழுதி முடிச்சா?"

கொஞ்சம் யோசித்தார். "தீப்பிடிக்கிற மாதிரி பொருத்துற ஆளுங்களை மேல எடுத்துக்கிறது கஷ்டம்."

அப்படியானால் ரெண்டு பக்கமும் சுவர். புதுப்பிக்காவிட்டால் சான்று இல்லை, சான்று இல்லாவிட்டால் ஓட்டல் இல்லை. நிரூபித்தே ஆகவேண்டும். நிரூபிப்பேன்.

அக்டோபர் 23

ஓஸ்மோ கேட்கிறான், "பேசாம ஒத்துக்கிட்டு வேற கம்பெனி பாக்கலாமா?" எந்தக் கம்பெனியும் கேட்கிற முதல் கேள்வியே 'முன்னால் ஏதாவது தீ?' என்பதுதான். மடையன்.

அக்டோபர் 29, புதன்

எரிந்த சாமான்களை நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் வைத்திருக்கிறார்கள். நாலு முறை போன் செய்து, ஐந்தாவது முறை நேரே போய் நின்றேன். காவலாளிக்கு என்னை ஒழித்தால் போதும் என்று ஆகிவிட்டது. திறந்துவிட்டார்.

ஆம்பின் மேல்மூடியைக் கழற்றினேன். பின்பக்கம் சுத்தம். காற்றோட்டக் கோளாறு என்றால் மின்மாற்றி பக்கம் வெந்திருக்க வேண்டும், வேகவில்லை. தீ மேலிருந்து இறங்கியிருக்கிறது. மூடியின் துளைகளில் கரிந்த காகிதம். சர்க்யூட் பலகையின் மேல் சுருண்டு கருத்த ஏதோ, நிறைய. உருகிய பிளாஸ்டிக் என்றுதான் முதலில் நினைத்தேன். உடைத்தால் பொடிகிறது. பிளாஸ்டிக் பொடியாது.

மோந்து பார்த்தேன்.

சூப்.

வேனுக்கு ஓடி ஓஸ்மோவைக் கூப்பிட்டேன். "காளான்டா. ஆம்ப் மேல பேப்பரை விரிச்சு ஈரக் காளானைக் காய வச்சிருக்காங்க. துளையெல்லாம் அடைஞ்சு, ஈரத் துண்டு உள்ள விழுந்து ஷார்ட் ஆயிருக்கு. நம்ம மேல தப்பே இல்ல."

 "நல்ல காளானாச்சே" என்றான் ஓஸ்மோ.

அக்டோபர் 30

படங்களைக் கமிலாவுக்கு அனுப்பினேன். "இது கதையையே மாத்துது. வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு, முழு விவரமா ஒரு கடிதம் எழுதுங்க" என்றார். சனிக்கிழமை ஹெல்காவைப் பார்க்கிறேன்.

நவம்பர் 1, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஹெல்கா காபி ஊற்றினார், ஏலக்காய் ரொட்டி வைத்தார். வீடு முழுக்க இன்னும் புகை நாற்றம். நான் காத்திருக்கவில்லை. பையிலிருந்து கருகியதை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது என்னன்னு தெரியுதா?"

பார்த்தார். "காளான் மாதிரி இருக்கு. இல்லாமலும் இருக்கலாம்."

"ஆம்ப் மேல காய வச்சீங்களா?"

"வச்சேன்."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே!"

"யாரும் கேக்கலையே தம்பி. வந்தவர் சுவத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல ஸ்கேலை வச்சு அளந்தார், போயிட்டார்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கரண்ட் ஓடுற சாமான் மேல ஈரத்தை யாராவது வைப்பாங்களா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை.

"நீதானே வைக்கச் சொன்னே."

நான் சொன்னேனா? எப்போது? சொன்னேன். போன வருஷம் செப்டம்பரில், வேலை முடித்து ஒப்படைத்த அன்று. அவர் ஆம்புக்கு மேல் கையை நீட்டி, "சூடா இருக்கே, இது சரியா?" என்று கேட்டார். "காளான் காய வைக்கலாம், நல்லா காயும்" என்றேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல், இந்த ஊர்க்காரர்கள் செய்வது மாதிரி. ஓஸ்மோ வருஷக்கணக்கில் இப்படித்தான் பேசுகிறான், எல்லாரும் ரசிக்கிறார்கள். நானும் ஒரு தடவை பேசிப் பார்த்தேன்.

"அது விளையாட்டுக்கு, ஹெல்கா."

"ஓஸ்மோ சொல்லியிருந்தா நானும் அப்படித்தான் எடுத்திருப்பேன். அவன் பேச்சுல பாதி விளையாட்டு. நீ விளையாடுற ஆளா? 'இந்தச் சுவர் கோணலா இருக்கே, உங்க புருஷன் கட்டினாரா'ன்னு வந்த அன்னிக்கே கேட்டவனாச்சே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வச்சேன்."

போன வருஷம் கம்பித் தட்டில் பரப்பியிருக்கிறார். காற்று போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷம் காட்டில் விளைச்சல் அதிகம், தட்டு போதவில்லை, செய்தித்தாளை விரித்துவிட்டார்.

"ஜாடி ஜாடியா குடுத்தேனே. அதெல்லாம் எங்க காஞ்சதுன்னு நெனச்சே?"

 ரொட்டியை முடித்தேன். என்ன செய்வது, கையில் இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

ஓஸ்மோவிடம் சொன்னேன். அவனுக்கு இது ஒரு சிக்கலாகவே தெரியவில்லை.

"காளான்னு எழுது. அது உண்மை. மிச்சத்தை எழுதாதே, அது பொய்யில்லை. நீ பேசினதைக் கேட்டது மூணே பேர். நான் மறந்துட்டேன். ஹெல்கா வாயைத் திறக்காது."

"அவங்க கம்பெனி அவங்க அஜாக்கிரதைன்னு சொல்லி ஈட்டை வெட்டிடும். அந்த நிலவறையை யார் சரி பண்றது?"

"ஓட்டல் போனா நம்ம நிலவறையை யார் சரி பண்றதுடா?"

நியாயமான கேள்விதான். அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, எனக்கு வேன் கடன். சாயங்காலம் ஹெல்காவே போன் செய்தார். "நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லப்போறதில்லப்பா. சொன்னாலும் சொல்வேன். ஆனா சொல்லப்போறதில்ல." இந்த ஊர் மொழியில் இது சத்தியம் மாதிரி.

நவம்பர் 3

எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அவர் என்னை நம்பியது நான் நேராகப் பேசுகிறவன் என்பதால். அந்த ஒரு காரணத்தால்தான் அவர் வீடு எரிந்தது. இப்போது பார்த்து நான் சுற்றி வளைத்து எழுத ஆரம்பித்தால் நான் யார்? ஓஸ்மோவின் மோசமான நகல்.

எழுதினேன். "சாதனத்தின் மேல் காளான் உலர்த்தலாம் என்று ஒப்படைக்கும்போது வீட்டுக்காரரிடம் சொன்னவன் நான்." ஒரே வரி. அனுப்பிவிட்டுத்தான் ஓஸ்மோவிடம் சொன்னேன். வேனை ஓரமாக நிறுத்தி, இறங்கி, கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். "வண்டியை நீ ஓட்டு" என்றான். 

நவம்பர் 6, வியாழன்

கமிலா.

"சரியா புரிஞ்சுக்கிறேனான்னு பாக்கறேன். இதை நீங்க நகைச்சுவையா சொன்னீங்க."

"ஆமா."

"சொல்லும்போது சிரிச்சீங்களா?"

"இல்ல."

"அவங்க?"

"இல்ல. என் கூட்டாளி சிரிச்சான். வேன்ல. அப்புறம்."

எழுதுகிற சத்தம் கேட்டது. "அடிக்கடி இப்படிப் பேசுவீங்களா? ரிஸ்க் கணக்கு போடணும், அதான் கேக்கறேன்."

"அதுதான் முதல் தடவை."

"கடைசியாவும் இருக்கட்டும்."

பிறகு விளக்கினார். பொருத்தியதில் குறை இல்லை என்று கிடங்குப் படங்கள் சொல்லிவிட்டன. மிஞ்சியிருப்பது ஒப்படைக்கும்போது கொடுத்த தவறான ஆலோசனை. அதுவும் எங்கள் பாலிசிக்குள் வருகிறது. ஹெல்காவுக்கு ஈடு முழுசாகக் கிடைக்கும். புதுப்பிப்பது அவர் கையில் மட்டும் இல்லை, மேலே போக வேண்டும். "காளான்னு ஒரு கட்டமே எங்க படிவத்துல இல்ல. நேரம் எடுக்கும்."

"முப்பதாம் தேதிக்குள்ள வேணும்."

"தெரியும்."

நவம்பர் 19

போன் செய்தேன். மேலே இருக்கிறதாம்.

நவம்பர் 26

போன் செய்தேன். இன்னும் மேலேதானாம். எத்தனை மாடிக் கட்டடம் அது?

நவம்பர் 30, ஞாயிறு

வரவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் வந்தது. புதுப்பித்துவிட்டார்கள். தவணை ஏறியிருக்கிறது, ஏறட்டும். கூடவே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வேலையையும் ஒப்படைக்கும்போது எழுதிய குறிப்பு கொடுத்து வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

ஆனால் தேதி தாண்டிவிட்டது. மேஸ்திரியைப் பார்க்கப் போகும் வழியில் ஓஸ்மோ சொன்னான், "உள்ள போனா நீ வாயைத் திறக்கக் கூடாது. ஏன் லேட்டுன்னு விளக்கக் கூடாது. உண்மையைச் சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. சும்மா நில்லு."

நின்றேன். இந்த வருஷம் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது இதுதான். அவர்கள் ஏரியில் பனி எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று பேசினார்கள். மேஸ்திரி மைத்துனனின் முதுகுவலி. குளிர்கால டயர். மறுபடியும் பனி. ஓஸ்மோ தாளை எடுத்துக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஏதோ கைக்குட்டை மாதிரி வைத்தான். மேஸ்திரி அதைத் தொடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

எழும்போது மேஸ்திரி தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "தேதின்னா தேதிதான். ஆனா நம்ம பக்கம் சில வருஷம் நவம்பர் கொஞ்சம் நீளமா இருக்கும்."

வெளியே வந்து, "கிடைச்சுதா இல்லையா?" என்றேன்.

"வியாழக்கிழமை ஏணியைக் கொண்டு போகணும்" என்றான் ஓஸ்மோ.

ஜனவரி 17, சனி

ஹெல்கா வீட்டில் புது ஆம்ப் பொருத்தினேன். கூலி வாங்கவில்லை, அவரும் கொடுக்க வரவில்லை. எழுதிய குறிப்பைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக, மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். "மேலே எதையும் வைக்கக் கூடாது." என்னைப் பார்த்தார்.

"இது நிஜமா, விளையாட்டா?"

"நிஜம்."

"கேட்டு வச்சுக்கறது நல்லது" என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கோணல் சுவரைப் பற்றி இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஓட்டலில் முதல் மாடி முடிந்தது. சலவைப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் செல்மாவிடம் சாதன அறைச் சாவியை ஒப்படைத்தோம், அவர் அறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஆம்புகளுக்கு மேல் கையை நீட்டினார்.

"அடடா, கையுறை காய வைக்க நல்ல இடம்."

"கூடாது" என்றேன். "காளானை வச்சு ஒரு வீடே தீப்பிடிச்சுது."

செல்மா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு. மேஸ்திரியும் சிரித்தார். "வந்தப்ப மரக்கட்டை மாதிரி இருந்தான். இப்ப முகத்தை வச்சுக்கிறதைப் பாரு, நம்ம ஊர்க்காரனாவே ஆயிட்டான்" என்று ஓஸ்மோவின் தோளில் தட்டினார். ஓஸ்மோ என் பக்கம் திரும்பவே இல்லை. குறிப்பில் ஒரு வரிகூடப் படிக்காமல், சிரித்துக்கொண்டே செல்மா கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் பட்டறையில் தகடு வெட்டினேன். ஆம்ப் அடுக்குக்கு மேல் உயரமாக நிற்கிற மூடி, சுற்றிலும் காற்று போகும், மேல்பகுதி வீட்டுக்கூரை மாதிரி நல்ல சரிவு. மூன்று வெட்டினேன். இரண்டு ஓட்டலுக்கு, ஒன்று ஹெல்காவுக்கு.

ஓட்டலில் மூடியை முடுக்கி முடித்ததும் என் கையுறையைக் கழற்றி அதன்மேல் வைத்தேன். வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்து இன்னொரு முறை வைத்தேன். விழுந்தது.