கிள்ளானில் எடுத்த மெத்தை நாற்காலி

1927 ஆகஸ்டு 12, வெள்ளி. பிரிக்ஃபீல்ட்ஸ்.

போன வாரம் கிள்ளானில், செத்துப்போன ஒரு தோட்டத் துரையின் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் மெத்தை நாற்காலி ஒன்றை எடுத்தேன். நல்ல தேக்கு. இருக்கை மட்டும் நடுவில் குழிந்திருந்தது.

"பிரம்பு நாற்காலி போதாதா? மெத்தையில யாரு உக்காந்து கெடந்தாங்களோ!" என்றாள் என் மனைவி சரசு. போடி, உனக்கு என்ன தெரியும் என்றேன். சீனன் கடையில் பழசைப் பிடுங்கிப் புது நார் அடைத்தார்கள். இன்று மதியம் நானே ஒற்றை ஆளாகத் தூக்கி வந்து கூடத்தில் போட்டேன்.

விளக்கு வைத்ததும் மாமனார் வழக்கம்போல எல்லோருக்கும் திருநீறு கொடுத்தார். அவருக்குக் கண்ணில் புரை. காலி நாற்காலிக்கு முன்னாலும் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, அங்க யாருமில்ல."

"இருக்காரே. வேணாம்னு தலையாட்டுறாரு. துரைமாருக்கு இதெல்லாம் ஆகாது, விடுங்க."

அது யாருடைய நாற்காலி என்று அவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை.

கிழவருக்குப் பார்வை போச்சு, அவ்வளவுதான் என்று சரசுவிடம் சத்தம் போட்டேன். அவள் இருக்கையைக் காட்டினாள். புது மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

எல்லோரும் படுத்த பிறகு, நாற்காலியை வெளியே தள்ளிவிடலாம் என்று போனேன். இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன்.

அசையவில்லை.