'இல்லை' என்று சொல்லாத சுட்டி

உன் படகில் இருந்த ஆழம் காட்டும் கருவி இப்போது என் மேசையில் இருக்கிறது. எத்தனை முறை துடைத்தும் இறால் வாடை போகவில்லை. நேற்று உன் மனைவி கோட்டைக்குப்பத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். "படகை வித்துட்டோம்ண்ணா. உங்க கம்ப்யூட்டர்ல அது இன்னும் ஓடிக்கினு இருக்குதாமே, அத்த எடுத்துடுங்க" என்றாள். சரி என்றேன். காபி கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

இந்தக் கருவிக்காகத்தானே நாம் ஒரு நிரல்மொழியே செய்யக் கிளம்பினோம்! அது கக்கும் பைட்டுகளில் எது ஆழம், எது படகு நிற்கும் இடம் என்று பிரித்து, ஒவ்வொரு படகுக்கும் ஒரு பதிவாகத் தமிழிலேயே எழுத வேண்டும். மீஞ்சூரில் இரண்டு பேரும் ரயில் ஏறினால் நம் சென்னை அலுவலகம் வரைக்கும் இதே பேச்சு. ஒரு பதிவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் வகைக்கு நான் 'சுட்டி' என்று பெயர் வைத்தபோது, "உன் பையன் மாரி அடங்கவே அடங்காது பாரு" என்று சிரித்தாய். சுட்டியோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த பைட்டுக்கு நகர வேண்டும் என்றேன். "அடுத்த ஸ்டேஷன்னா இன்னா அர்த்தம்? தண்டவாளத்துல அடுத்த கட்டையா? முழுப் பதிவையும் தாண்டணும்டா!" நீ கத்திய கத்தலில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். அதில் ஜெயித்தவன் நீதான்.

பெரிய சண்டை வெற்றுச் சுட்டிக்குத்தான் வந்தது. எதையும் காட்டாத சுட்டி, திரையில் 'இல்லை' என்று சொல்ல வேண்டும் என்றேன். உன் முகமே மாறிவிட்டது. "வூட்ல அரிசி தீந்தா இல்லனா சொல்லுவோம்? வரணும்னு சொல்லுவோம். நைனா கடல்ல இருக்கசொல்ல யாருனா வந்து கேட்டா, எங்கம்மா இல்லனு சொல்லவே சொல்லாது. வரணும்னுதான் சொல்லும்."

'வரணும்' என்றே வைத்தோம். ஆனாலும் நான் விடவில்லை. இன்னும் வராததும், வந்து அழிந்துபோனதும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மொழியே பொய் சொல்லும் என்று வாதாடினேன். "அழிஞ்சதுக்கு அப்பாலிக்கா யோசிக்கலாம்" என்று இறங்கிப் போனாய். அந்த வாரமே உனக்கு மார்வலி. பேச்சு பாதியிலேயே நிற்கிறது, பாவி.

இன்று காலை உன் படகின் பதிவை அழித்தேன். அதைக் காட்டிக்கொண்டிருந்த சுட்டி வெறுமையானது. படகுகளின் வரிசையில் உன் பெயருக்கு நேராக 'வரணும்' என்று வந்து நின்றது.

அழிந்ததற்கு வேறு சொல் சேர்க்க ஒரு வரி எழுதினால் போதும். சொல்லைக்கூட யோசித்து வைத்திருந்தேன். இப்படியே விட்டால் பிழை என்று எனக்குத் தெரியாதா என்ன?

திருத்த மாட்டேன்டா. இந்தப் படகுக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால், உன் அம்மா சொன்ன மாதிரியே சொல்லிக்கொள்கிறேன்.