ஒரு ஹால், ஒரு சமையலறை, நாம் இருவர்

அக்கா,

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் ஆயக்குடிக் கொய்யா வந்திருந்தது. நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து நாலைந்து வாங்கினேன். பையை வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் வீடு முழுக்க அந்த வாசனை. துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நீ கொய்யா வாங்கினால் உடனே தின்ன விடமாட்டாய். தட்டில் பரப்பிச் சன்னல் ஓரத்தில் வைத்துவிடுவாய். "மொதல்ல இது வீட்டுக்கு. அப்புறந்தான் நமக்கு" என்பாய். பெரிய வீடாக இருந்தால் ஒரு தட்டுக் கொய்யா எந்த மூலைக்குக் காணும், சின்ன வீட்டில் இருப்பதற்கு இதுவும் ஒரு லாபம் என்று சிரிப்பாய்.

இன்றும் தட்டில் பரப்பி வைத்தேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் சேர்ந்து குடியிருக்கப் போகிறோம் என்றபோது யாருக்கும் அது சரியாகப் படவில்லை. நான் சேவுகம்பட்டிப் பெண். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருடம்கூட இருக்க முடியாமல் திரும்பி வந்தவள். திண்டுக்கல்லில் ஆசிரியை வேலை கிடைத்ததும் மகளிர் விடுதியில் வந்து ஒதுங்கிக்கொண்டேன். நீ அய்யலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கணவரைப் பறிகொடுத்து, ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தாய். விடுதியில் நமக்கு அடுத்தடுத்த கட்டில். விடுதியை மூடப் போகிறோம் என்று சொன்ன அன்று எல்லாரும் போனில் சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். நீதான் கேட்டாய்.

"ஏ வசந்தி, ஆளுக்கொரு ரூமா தேடி அலையறதுக்கு, ஒண்ணா ஒரு வீடு பாப்பமா?"

நாகல் நகர்ப் பக்கம் இந்தப் போர்ஷனைப் பார்க்கப் போனபோது வீட்டுக்காரம்மா நம்மை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பளத் தொணை இல்லாம எப்பிடிம்மா? கரண்டு கிரண்டு போச்சுன்னா யாரு பாப்பா?" என்றார்.

"ஃப்யூஸ் போட எனக்குத் தெரியும்மா. தொணைக்கு இவ இருக்கால்ல" என்றாய் நீ. அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவி கைக்கு வந்தது.

அதுவரை உன்னை நான் "நீங்க, வாங்க" என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். குடிவந்த வாரத்திலேயே அதை நிறுத்தினாய். "இருக்கறதே ஒரு ஹாலு. அம்புட்டு மரியாதையையும் இதுக்குள்ள எங்க கொண்டு வைக்கிறது? சும்மா நீன்னே கூப்பிடு." இந்த வீட்டிலிருந்து நாம் முதன்முதலில் வெளியே போட்ட சாமான் அதுதான்.

உண்மையில் வீட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஒரு ஹால், பின்னால் சமையலறை, கொல்லையில் குளியலறை. பகலிலேயே விளக்குப் போட வேண்டும். நான் மூட்டைகளைப் பிரிக்கப் போனேன். நீ பிரிக்க விடவில்லை. ஹால் நடுவில் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது, காற்று எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். "என்ன சாமான எங்க வைக்கிறதுன்னு அப்புறம் யோசிக்கலாம். நாம எங்க உக்காந்தா நல்லா மூச்சு விட முடியுதுன்னு மொதல்ல பாரு" என்றாய். லேப்பில் கண்ணாடித் தகட்டை உற்றுப் பார்ப்பவள் வீட்டையும் அப்படித்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. கோடை விடுமுறையில் நாமே சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்தோம். கட்டில்களின் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்து உயர்த்தியதும் பெட்டிகளும் தண்ணீர்க் குடங்களும் அடியில் போய்விட்டன. தரை கண்ணுக்குத் தெரியத் தெரிய வீடு பெரிதாகும் என்பது உன் கணக்கு. சாப்பிடவும் நான் பரீட்சைத் தாள் திருத்தவும் சுவரில் கீல் வைத்து ஒரு பலகை; வேலை முடிந்தால் மடக்கிவிடலாம். கதவுக்குப் பின்னால் வரிசையாகக் கொக்கிகள். உயரமான சாமான்கள் எல்லாம் ஒரே சுவரில். மொட்டை மாடியில் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். அந்த வருடம் சித்திரை வெயிலிலும் மத்தியானம் கண் அசர முடிந்தது. சமையலறைக்குப் புதிதாக ஒரு பாத்திரம் வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும் என்று சட்டம் போட்டாய். அதை மீறியவளும் நீதான். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு வந்து திருதிருவென்று விழிப்பாய்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நீ பிரித்துக் கொடுத்த மூலைதான். ஹாலில் ஆளுக்கொரு மூலை. உன் மூலையில் மாதா படம், ரேடியோ, கம்பளி நூல். என் மூலையில் புத்தகங்கள். அங்கே எப்படிக் குப்பையாகக் கிடந்தாலும் மற்றவள் கை வைக்கக் கூடாது. "சின்ன வீட்டுல சண்டை வாரது இடம் பத்தாமயில்ல. தனக்குன்னு இடம் இல்லாமத்தான்" என்றாய். அதன் பிறகு நாம் சண்டை போட்டது தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்கு உப்புக் கூடியதற்கும் குறைந்ததற்கும் மட்டும்தான்.

சண்டையாகாமலே நமக்கு நடுவில் நின்றது ஒன்று உண்டு. என் பீரோ.

என் கல்யாணச் சீர்வரிசையில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்தது அது ஒன்றுதான். அப்பா நிலக்கோட்டையில் சொல்லிச் செய்தது. ஆள் உயரத்துக்கு மேலே, பச்சை நிறம், கதவில் கண்ணாடி. வேறு எங்கும் நிற்காததால் கிழக்குச் சன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. வீட்டின் இருட்டுக்குக் காரணம் அதுதான் என்று நம் இருவருக்குமே தெரியும். நீ மாதக்கணக்கில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாய்.

"அதுக்குள்ள என்ன வச்சிருக்க வசந்தி?"

"சீலை."

"கட்டுறியா?"

"இல்லக்கா."

"செத்த தொறந்து காமியேன்."

திறந்தேன். கூறைப்புடவையும் இன்னும் இரண்டு பட்டும் அந்துருண்டை வாசனையோடு கிடந்தன. மற்ற தட்டுகள் எல்லாம் காலி. இத்தனை பெரிய பீரோவில் அவ்வளவுதான் இருந்தது என்பது அன்றுவரை எனக்கே தெரியாதது போல இருந்தது. "இத வெளிய அனுப்பிட்டா அப்பா எனக்குன்னு செஞ்சது ஒண்ணுமே இல்லாமப் போயிரும்க்கா" என்றேன். தம்ளர்களைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். அதற்குப் பிறகும் நீ வற்புறுத்தவில்லை.

அடுத்த தையில் தங்கைக்குக் கல்யாணம். நானாகத்தான் போன் செய்து, அந்தப் பீரோவை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர், "சரிம்மா, நல்லதுதான்" என்றார். மினிவேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே நீ தேங்காய் எண்ணெயும் கத்தியுமாகச் சன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். பெயின்ட் இறுகித் தாழ்ப்பாள் ஒட்டிப் போயிருந்தது. மடாரென்று சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தேன். பக்கத்து வீட்டு முருங்கை மரம் பூவோடு நம் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தது. தரையில் வெயில். பீரோ நின்ற இடத்தில் மட்டும் சிமென்ட் புதிதாக, வெளுப்பாக இருந்தது. "வா, வந்து இங்கன உக்காரு" என்றாய். அந்த வெயிலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இந்த வீடு எனக்கு வீடானது அப்போதுதான்.

உன் நோயையும் நீ வீட்டு விஷயம் பேசுவதுபோலத்தான் சொன்னாய். அசதி என்று உன் இரத்தத்தை நீயே எடுத்து, நீயே பார்த்திருக்கிறாய். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "இரத்தத்துல சரியில்ல வசந்தி. பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. ஆனா டாக்டர் வாயால வாரதுக்குள்ள ஒரு வாய் காபி குடிச்சுக்கிறேன்" என்றாய். நான் பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. உன் கட்டிலைச் சன்னலுக்கு நகர்த்தினோம். படுத்தபடியே நீ வீட்டை மாற்றிக்கொண்டிருந்தாய். அந்த பல்பை இறக்கிக் கட்டு, அந்தத் திரையைத் துவை, அஞ்சறைப்பெட்டியைக் கைக்கு எட்டும் உயரத்தில் வை. வேலை சொல்லி எனக்கு அழ நேரம் இல்லாமல் பார்த்துக்கொண்டாய்.

உன் அடக்கம் உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் தம்பி மனைவியிடம் யாரோ என்னைக் காட்டி, அது யார் என்று கேட்டார்கள். "கூடக் குடியிருந்தவங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை அக்கா. வேறு எந்த வார்த்தையைச் சொல்வாள்? ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த இரண்டு வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு என்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. பிறகு தம்பி வந்து உன் கட்டிலையும் பெட்டியையும் மாதா படத்தையும் எடுத்துப் போனார். நல்ல மனிதர், ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார். நானும் சரி சரி என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து வீட்டில் இடம் இருக்கிறது. நீ சொல்லிக்கொடுத்தது எல்லாம் குறைப்பதற்கும் நகர்த்துவதற்கும் மடக்கி வைப்பதற்கும்தான். இடம் அதிகமாகிப் போனால் என்ன செய்வது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. என் கட்டிலை நடுவில் போட்டுப் பார்த்தேன். புத்தக அலமாரியை உன் மூலைக்கு நகர்த்தி, ஒரு மணி நேரத்தில் பழையபடி எடுத்து வைத்தேன். உன் மூலை காலியாகவே இருக்கிறது.

போன ஆடிக்குப் பிறகு அடுத்த போர்ஷனுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருக்கிறது. அந்தப் பெண் ஒருநாள் மோர் கேட்டு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க வீடும் இதே அளவுதான ஆன்ட்டி? உங்க வீடு மட்டும் எப்பிடி இம்புட்டுப் பெருசா இருக்கு?" என்றாள்.

"சாமான் கம்மிம்மா, அதான்" என்றேன்.

இன்னொரு நாள் அவர்கள் வீட்டுக்கு நானே போய்ச் சன்னலை எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கட்டிலை உயர்த்தச் சொன்னேன். ஆளுக்கொரு மூலை வைத்துக்கொள்ளச் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இப்போது அது தேவைப்படாதுதான்.

தங்கை போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். "அங்கன ஒத்தையில கெடந்து என்னக்கா செய்யப்போற? இங்க வந்துரு." வாரேன் வாரேன் என்று தள்ளிப் போட்டேன். போன மாதம்வரை, பள்ளி ஆண்டு முடிந்ததும் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

போன மாதம் ஒரு காலையில் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. விழுந்துவிட்டேன் என்றே நினைத்தேன். கை தானாக நீண்டு சுவரில் இருந்த இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. நோயின் கடைசி மாதங்களில், உனக்கு நிற்க முடியாமல் ஆனபோது, நீ சொல்லிக் கொத்தனார் வந்து பொருத்தியது. அவர் உன்னை அளந்து சுவரில் கோடு போட்டார். நீ நாற்காலியில் உட்கார்ந்தபடி, "அங்கன வேணாம்ணே. இவள நிக்க வச்சுப் பாத்து, இவ கைக்குத் தோதா வைங்க" என்றாய். நீ என்னைவிட நல்ல உயரம். மருந்து மயக்கத்தில் மாற்றிச் சொல்கிறாய் என்று நினைத்து, "உனக்குத்தானேக்கா?" என்று கேட்டேன். "எனக்கு எத்தன நாளைக்கு?" என்று மட்டும் சொன்னாய். தலைக்கு மேல் வேலை கிடந்த அந்த நாட்களில் நான் அதை மனதில் வாங்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நீ முதுகு வளைந்து, சிரமப்பட்டு, உனக்குப் பொருந்தாத அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுந்தாய்.

ஈரத்தோடு அதைப் பிடித்தபடி நின்றேன். சரியாக என் இடுப்புக்கு, என் கைக்கு இருந்தது. "அக்கா" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். நீ போனபிறகு இந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

பிறகு குளித்து முடித்து, தங்கைக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

வசந்தி