ஆறாத புண்

நெய்வேலி
9.11.2014

அன்புள்ள சாமியம்மாளுக்கு, சக்கரபாணி சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? ஊரில் மழை உண்டா? குவார்ட்டர்ஸ் தோட்ட வேலைக்கு நான்கு நாள் லீவு. முகம் லேசாக வீங்கியது, அவ்வளவுதான். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பாதே. கால் புண்ணுக்குக் கட்ட உன் பழைய சேலை அனுப்பு, ஊதாக் கரை போட்டது. ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. முடிக்கிறேன்.

மகளே வெண்மதி, அம்மாவுக்குப் படிப்பதை இங்கே நிறுத்து. இனி உனக்கு மட்டும்.

டாக்டர் சொன்னார்: "பெரியவரே, புண்ணு ஆறாத வரைக்கும் ஒடம்பு 'இங்க காயம்'னு சேதி அனுப்பிக்கினே இருக்கும். அதால ஊறுற புரதம் உங்க கிட்னில படிஞ்சிடுச்சுங்க."

"மைன்ஸ் சங்குகூட ஷிப்டுக்கு ஒருதரம்தானுங்க ஊதும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கிட்னியும் போய்விட்டதாம்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன், ஆடிப்பெருக்கன்று மண்வெட்டி பட்ட புண் அது. பச்சிலை அரைத்துக் கட்டியவள் உன் அம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டவளும் அவள்தான். 'உன் கை வைத்தியமே போதும்' என்று அவளிடம் சொன்னவன் நான். விஷயம் தெரிந்தால் தன் கையைத்தான் நொந்துகொள்வாள்.

இன்னும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், புண் ஆறிக்கொண்டு வருகிறது என்று படி.