கழுவக்கூடாத கற்கள்

குன்றுகள் நிலைபெறுக. கடல் தன் எல்லைக்குள் அமைதி கொள்க. இரண்டுக்கும் இடையில் இவ்வோலை சுமந்து செல்லும் குதிரை இடறாதிருக்க.

நாற்பத்திரண்டு குன்றுகளையும் அவற்றினின்று இழியும் அருவிகளையும் ஆளும் மாமன்னர் வெற்பரையரின் ஆணைப்படி, கற்குன்ற நாட்டுத் தலைமை அமைச்சனும், மூன்று மன்னர்களிடம் பணிசெய்தும் இதுநாள்வரை எவரிடமும் மன்னிப்புக் கேட்டறியாதவனுமாகிய பொற்சேந்தன், திரைமுக நாட்டுச் சிப்பிக்குப்பத்தில் வாழ்பவரும், எங்கள் அரசியார் ஆழிமாதேவியின் கடல்நீர்த் தொட்டிக்குக் காவலாயிருந்தவருமான பவழாயி அம்மையாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் வலைகள் நிறைக. தங்கள் கரைக்கு ஒரு படகும் குறையாமல் திரும்புக.

இதைப் படித்துச் சொல்லும் ஊர் எழுத்தருக்கு ஒரு சொல். ஊர் நடுவில் நின்று உரக்கப் படியும். அம்மையாரை நான் விரட்டியது நிறைந்த சபையில். ஆகவே குரலைத் தாழ்த்தி என் மானத்தைக் காப்பாற்றும் வேலை உமக்கு வேண்டாம்.

கோட்டைக்குள் தாங்கள் இருந்தவரை தங்களை ‘நீ’ என்றும், சினம் மிகுந்தபோது ‘ஏய்’ என்றும் அழைத்தேன். இன்று ‘தாங்கள்’ என்று எழுதுகையில் எழுத்தாணி கூசுகிறது. கூசட்டும்.

இவ்வோலையின் படியொன்று எங்கள் சுவடிச்சாலையில் வைக்கப்படும். அங்கு படிப்போர்க்கு விளங்கும்பொருட்டு, தாங்கள் அறிந்ததையே மீண்டும் சொல்கிறேன். திரைமுக நாட்டு இளவரசி பிறநாடு புகுந்தால், தான் பிறந்த கடலின் நீரையும் மீன்களையும் உடன் கொண்டு செல்வாள். ஓராண்டு நிறைந்ததும் அவள் பிறந்த நாட்டுத் தூதர் வந்து தொட்டியைப் பார்ப்பர். ஒரு சோடி மீனாவது உயிரோடிருந்தால் அவள் அந்நாட்டு அரசி. இல்லையேல், அவள் அங்கு வாழத்தகாதவள் என்று கடல் சொல்லிவிட்டதாகக் கொண்டு, அழைத்துப் போய்விடுவர். எங்கள் அரசியார் கொண்டுவந்தவை பன்னிரண்டு. மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்டவை, ஆள் நிழல் பட்டதும் ஓடிவந்து வாய் திறப்பவை. தாங்கள் பார்த்துக்கொண்ட எட்டு மாதத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. இன்று இருப்பவை மூன்று. தூதர் வர இன்னும் இருபத்தேழு நாள்.

மற்ற ஒன்பதையும் கொன்றவன் நான். வேறு எவர்மேலும் இப்பழியைப் போட எனக்கு வழியில்லை. வழியிருந்தால் போட்டிருப்பேன் என்பதையும் மறைக்கவில்லை.

தொட்டியின் பக்கத்தில் தாங்கள் அமைத்திருந்த சிறு கல்தொட்டி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதில் துளைதுளையாய்ப் பவழக் கற்களை அடுக்கி, பெரிய தொட்டியின் நீரைச் சிறு ஏற்றத்தால் இறைத்து அவற்றின்மேல் ஊற்றி, அந்நீரையே மீண்டும் மீன்களிடம் விட்டீர்கள். கற்கள் பழுப்பேறி, வழுவழுத்து, கடற்கரை நாற்றம் வீசின. அரசியின் கூடத்தில் அதைக் கண்ட எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடனே சபையைக் கூட்டினேன். நீர்க்காவல் அதிகாரி காரிக்கண்ணர், மன்னர் குடிக்கும் நீருக்குள்ளதுபோல் மணலும் கரியும் அடுக்கிய வடிபெட்டியே வேண்டும் என்றார். மருத்துவர் அம்பலக்கூத்தர், உயரத்திலிருந்து குறுகிய குழாயில் நீரை விழவிட்டால் அழுக்கு நுரையாய்ப் பொங்கும், அதை வழித்தெறியலாம் என்றார். தாங்களோ, கற்களே போதும், அவற்றைத் தொடாதீர்கள் என்றீர்கள்.

நான் வடிபெட்டியைத் தேர்ந்தேன். அதோடு நின்றிருந்தால் பாதிக் குற்றந்தான். கற்களைச் சாம்பலிட்டுத் தேய்த்து, கிணற்று நன்னீரில் மூன்றுமுறை அலசி, வெயிலில் காயவைத்து அடுக்கச் சொன்னேன். வடிபெட்டியின் மணலையும் நாள்தோறும் காலையில் அவ்வாறே கழுவ ஆணையிட்டேன். எங்கள் நாட்டில் பெரியவர்க்குச் செய்யும் மரியாதை அதுதான். எதையும் கழுவியே கொடுப்போம்.

அப்போது தாங்கள் சபை நடுவே வந்து சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன். “ஐயா, அழுக்கு வேற, உசுரு வேற. அந்தக் கல்லுல ஒட்டிக்கிட்டிருக்கிறது உசுரு. மீனு கழிக்கிற நஞ்சை அதுதான் தின்னு தீர்க்குது. கண்ணுக்குத் தெரியலேன்னா இல்லேன்னு ஆயிடுமா?” சபையில் ஒருவர் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உப்புக் காற்றில் வளர்ந்தவளுக்கு அரண்மனைத் தூய்மை எப்படித் தெரியும் என்று கேட்டு, அன்றே தங்களை உப்பு வண்டியில் ஏற்றி அனுப்பினேன். வண்டியில் ஏறும்போதும் தாங்கள் எனக்குச் சாபமிடவில்லை, கல்லை மட்டும் கழுவாதீங்க என்றே சொல்லிக்கொண்டு போனீர்கள் என்று வாயிற்காவலர் பின்னர் தெரிவித்தார்.

கற்கள் வெள்ளைவெளேரென்று மின்னின. தொட்டி நீர் அடி தெரியத் தெளிந்தது. நான் மார்தட்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. பசி என்று நினைத்து மேலும் இரை போட்டோம். ஏழாம் நாள் இரண்டு செத்தன. நீரில் அழுக்கு மிச்சமிருக்கிறது போலும் என்று மறுபடி எல்லாவற்றையும் கழுவினோம். ஐயோ, ஒவ்வொன்று சாகச் சாக இன்னும் நன்றாகக் கழுவினோம்! பெரிய சால்களில் சேமித்து வைத்த கடல்நீரை ஊற்றி ஊற்றி இதுவரை இழுத்துக்கொண்டு வந்தோம். அந்தச் சால்களிலும் இரண்டே மீதி.

நேற்று அரசியார் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். மூலையில் ஒரு மண்பானை. அதன் அடியில் பழுப்பேறிய கல்லொன்று, அதன்மேல் கொழுத்துத் திரியும் ஒரு மீன். நான் கற்களைக் கழுவச் சொன்ன அன்றே ஒரு கல்லையும் ஒரு மீனையும் எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்தாராம். பின்னர் இன்னொரு மீனையும் விட்டுப் பார்த்தாராம்; ஒரு கல்லால் இரண்டைத் தாங்க முடியாமல் நீர் கலங்கவே, அதைத் திரும்பத் தொட்டியில் விட்டுவிட்டாராம். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். பவழாயக்கா சொல்லியே நீர் கேட்கவில்லையே என்றார்.

வேறு கடற்கரையிலிருந்து அதே நிற மீன்களைத் தருவித்துத் தொட்டியில் விட்டுவிடலாமா என்றும் வெட்கமின்றிக் கேட்டேன். தம் ஊராரிடம் பொய் சொல்லி இங்கு அரசியாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னரோ மூன்று நாளாகத் தொட்டியின் அருகிலேயே அமர்ந்திருக்கிறார். அவரைப் பார்க்க எனக்கு அச்சமாயிருக்கிறது.

ஆகவே வேண்டுகிறேன். உயிருள்ள கற்களைக் கடலிலிருந்து எடுத்து, காயவிடாமல் நனைந்த கோணியில் சுற்றி, உடனே புறப்பட்டு வாருங்கள். புதுக் கல் ஒரு தொட்டிக்குப் பழக இருபது நாள் வேண்டும் என்று தாங்கள் வந்த புதிதில் சொன்னது, அப்போது காதில் ஏறாவிட்டாலும், இப்போது நினைவிருக்கிறது. இக்குதிரை தங்களை அடைய இரண்டு நாள். வண்டி இங்கு வர ஐந்து நாள். மிச்சம் சரியாக இருபது. என்னை ஏசுவதாயின் வண்டியில் வரும்போதே ஏசிக்கொண்டு வாருங்கள், அங்கு நின்று ஏச நாளில்லை.

இனிக் கட்டளை. வழியிலுள்ள சுங்கச்சாவடிகளில் எவரும் அக்கோணிகளைப் பிரித்துப் பார்க்கலாகாது. இரக்கப்பட்டு நன்னீர் தெளிக்கவும் கூடாது. வடிபெட்டி இன்றே அகற்றப்படும். நுரைக்குழாய் உதவுமா, உதவாதா என்பதை அம்மையாரே முடிவு செய்வார். இதில் எனக்கு இனிக் கருத்தென்று ஒன்று கிடையாது. அவர் சொல்லும்வரை தொட்டியில் ஒரு கையும் படலாகாது. தலைமை அமைச்சன் பொற்சேந்தனின் கைக்கும் இக்கட்டளை பொருந்தும்.

குன்றும் அருவியும் பொறித்த அரச இலச்சினை இதன்மேல் இடப்பட்டது. அடியில் சிறிது இடம் விடச் சொல்லி அரசியார் கேட்டார், விட்டிருக்கிறேன். அவர் எழுதியதை நான் திருத்தவில்லை.

பவழாயக்கா, நான்தான். அமைச்சர் மூணுன்னு எழுதியிருக்கார். அது காலையில. இப்போ பானையில ஒண்ணு, தொட்டியில ஒண்ணு. எனக்கு நம்ம ஊருக்குத் திரும்ப வேண்டாம்க்கா. நீ இங்க வா.