இடது இடுப்பு

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், மொட்டை மாடியில் பழைய மெத்தையை விரித்து, உன் கையுறைகளை மாட்டிக்கொண்டு இடப்பக்கமாக விழுந்தேன். கீழேயிருந்து மகன் கத்தினான். "இன்னாம்மா சத்தம்?"

"பூனைடா."

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் வீட்டுக்காரர் கொடுத்த கையுறைகள். ரப்பரும் உன் வியர்வையும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை.

கல்லூரிக் கால்பந்து அணியில் நான் விங். ஆட்டம் முழுக்கக் கோட்டோரமாக மேலும் கீழும் ஓடுவேன். கெண்டைக்கால் கல்லாகிவிடும். நீ கோலில் நிற்பாய். சும்மா நிற்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். வேலூரில் தோற்றுத் திரும்பிய வேனில் அதைச் சொல்லியும்விட்டேன்.

"நான் செத்து செத்து ஓடுறேன். நீ நின்னுக்கினு இருந்த. ஒனக்கு இன்னாடி வலி?"

நீ சட்டையை விலக்கினாய். இடுப்பிலிருந்து கீழே நாவற்பழ நிறம். வெகுநேரம் அசையாமல் நின்ற உடம்பை ஒரே நொடியில் தூக்கித் தரையில் எறிந்தால் என்ன ஆகும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"நீ பண்றது கிரிவலம்டி. நான் பண்றது அங்கப்பிரதட்சணம். யாருக்கு புண்ணியம் ஜாஸ்தி, சொல்லு."

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

நாற்பது தாண்டி நாம் சேர்த்த ஞாயிற்றுக்கிழமை அணி, நீ போன பிறகு கோல்கீப்பர் இல்லாமல் தடுமாறுகிறது. வரும் ஞாயிறு கீழ்பென்னாத்தூர் அணி வருகிறது. என் முட்டி தேய்ந்துவிட்டது, ஓடக்கூடாது என்கிறார் டாக்டர். கேப்டன் செல்வி நேற்று போனில் சொன்னாள்: "கோலுக்கு ஆள் இல்லன்னா மேட்ச வேணாம்னுடலாம்க்கா. ஆள் கெடச்சா நீங்க விசில் ஊதுங்க, போதும். அந்த முட்டிய வச்சிக்கினு எதுக்கு?"

நாற்பத்தாறு வயதானவளுக்கு ஓரமாக ஒரு நாற்காலி போதும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். டாக்டர் ஓடக்கூடாது என்றுதான் சொன்னார். விழக்கூடாது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் பதினோரு முறை விழுந்தேன். முதல் எட்டும் மூட்டை விழுவதுபோல. ஒன்பதாவதில்தான், இல்லாத பந்தை நோக்கிக் கை போன திசையில் உடம்பும் போயிற்று. இதை எழுதும்போது இடது இடுப்பு எரிகிறது. ஓட முடியாதவளுக்குக் கொடுக்கும் இடமல்ல கோல், எனக்குத் தெரியும்.

விசிலை வேறு யாராவது ஊதட்டும். ஞாயிறன்று உன் கையுறைகளோடு நான் கோலில் நிற்கப்போகிறேன். செல்விக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது. "சும்மா நிக்கறதுதானேக்கா" என்று எவளாவது சொல்லட்டும், சட்டையை விலக்கிக் காட்டுகிறேன்.